தப்பு பிடிக்கிற வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த டெல்மா டீச்சர் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தபோது, அவளுடைய சர்க்கரைவள்ளித் தோட்டம் முழுக்கப் பிடுங்கிக் கிடந்தது. பன்றி புகுந்த மாதிரி இல்லை. பன்றிக்கு இத்தனை பொறுமை கிடையாது. கொடிகளை வேரோடு இழுத்து, மண்ணை உதறி, வேர் மேலே பார்க்கும்படி வரிசை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். விரல் தடிமன்கூட ஆகாத பிஞ்சுக் கிழங்குகள் வெயிலில் சுருங்கிக் கிடந்தன. வேலியோரம் நின்ற வழுக்குக் கீரையையும் விட்டு வைக்கவில்லை. தண்டைத் தரையோடு தரையாக வெட்டியிருந்தார்கள்.

அவள் அழவில்லை. ஒரு கொடியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மலைட்டாத் தீவில் தன் ஊரிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்து நட்ட சிவப்புக் கிழங்கு அது. மக்கீராத் தீவின் இந்தக் கடலோரப் பள்ளிக்கூடத்தில் வேறு யார் தோட்டத்திலும் அந்தச் சாதிக் கிழங்கு கிடையாது என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கிற மூன்றாம் படிவப் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்றைக்குப் பூசைக்கு வரவில்லை. வந்தவர்களும் பாட்டுப் பாடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தருவது அவள்தான். இந்தத் தீவிலேயே பிள்ளைகளைத் தட்டி எழுப்பிப் படிக்க வைப்பதில் கைதேர்ந்தவள் என்று பேர் வாங்கியவள். சரியாகப் போட்டால் பிஸ்கட், பெயர் சுவரில் ஏறும், தப்பாகப் போட்டால் நாலு வார்த்தை. அப்படித்தான் ஐந்தாறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

காரணத்தைக் கிளெமென்ட் வந்து சொன்னான். அறிவியல் வாத்தியார்; எந்நேரமும் வெற்றிலை பாக்கு வாயோடுதான் இருப்பான். வேலிக்கு வெளியே துப்பிவிட்டு, பிடுங்கிப் போட்ட கொடிகளை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"ஹோனியாராவுல ஒரு கதை சொன்னியே டெல்மா, அது இங்க வந்து சேந்துருச்சு" என்றான்.

போன மாதம் தலைநகரத்தில் வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் எதனால் வருகிறது என்பதுதான் பேச்சு. ஒவ்வொருவரும் எழுந்து தன் அனுபவத்தைச் சொன்னார்கள். டெல்மா, ஜூனிட்டா கதையைச் சொன்னாள். கடைசி பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெண் ஜூனிட்டா. ஒருநாள் டெல்மா அவளை வெளியே இழுத்து நிறுத்தி, படிக்காவிட்டால் நீயும் உன் அம்மா மட்டில்டா மாதிரி கிராகிரா சந்தையில் மீன் குடலைப் பிடுங்கிக்கொண்டு, வருஷத்துக்கு ஒன்று பெற்றுப்போட்டுக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பெண் வகுப்பில் தூங்கவில்லை. கதையைச் சொல்லும்போது டெல்மா மட்டில்டாவைப் போலவே காலை அகட்டிக் கீழே உட்கார்ந்து, தென்னங்கீற்றால் ஈ ஓட்டிக் காட்டினாள். மண்டபமே சிரித்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சான்றிதழும் கொடுத்தார்கள்.

அந்த மண்டபத்தில் மட்டில்டாவின் கொழுந்தனாரும் இருந்திருக்கிறார். வேறு பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் மக்கீராத் துறைமுகமான கிராகிராவில் கப்பலைவிட்டு இறங்கினதும் கதையும் கூடவே இறங்கிவிட்டது.

"நான் அவளைப் பத்திப் பெருமையாத்தானே சொன்னேன்? அவ நல்லா வந்துட்டான்னுதானே சொன்னேன்?" என்றாள் டெல்மா.

"அவளைப் பத்திச் சொன்னே. அவங்கம்மாவை நடிச்சுக் காட்டினே" என்று சொல்லிவிட்டுக் கிளெமென்ட் போய்விட்டான்.

டெல்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. நன்றி கெட்டதுகள் என்றுதான் தோன்றியது. அவள் ஊரில் ஒருவன் இன்னொருவன் தோட்டத்தில் கை வைத்தால் சும்மா விட மாட்டார்கள். பன்றியும் சிப்பி மாலையும் கொண்டுவந்து வைத்துத் தலைகுனிந்து நின்றால்தான் விவகாரம் நேராகும். மறுநாள் காலை தலைமையாசிரியர் பிலேமோனிடம் போய் அதைத்தான் கேட்டாள். வகுப்பு முழுக்க அவள் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும், அவர்கள் பெற்றோரும் வர வேண்டும் என்றாள்.

பிலேமோன் நல்ல மனிதர். யாரோடும் முட்டிக்கொள்ள மாட்டார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. வருஷக் கடைசியில் மூன்றாம் படிவப் பரீட்சை வருகிறது, அதில் தேறினால்தான் நாலாம் படிவத்தில் இடம், இப்போது போய் வகுப்பையே வீட்டுக்கு அனுப்பினால் பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன ஆவது என்று அவளிடம் புலம்பினார். கடைசியில், எல்லாருமாகச் சேர்ந்து ஜெபம் பண்ணலாம் என்றார்.

டெல்மா ஜெபத்துக்கு நின்றாள். கண்ணை மட்டும் மூடவில்லை. முன்வரிசையில் நின்ற ஜூனிட்டாவும் மூடவில்லை. இரண்டு பேரும் ஆமென் சொல்லும்வரை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அன்றைக்குத்தான் டெல்மா முடிவு செய்தாள். இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆசை எங்கிருந்து வந்தது? தன்னிடமிருந்து. தான் ஊதி ஊதி எரியவைத்த அடுப்பு அது. ஊதுவதை நிறுத்தினால் அணைந்துபோகும். அடிக்க வேண்டாம், திட்ட வேண்டாம். யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாதபடி அவர்களை அணைத்துவிட வேண்டும்.

மறுநாள் மணி அடித்ததும் வகுப்புக்குள் வந்தாள். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொன்னாள். புத்தகத்தைத் திறந்து முதல் கணக்கைப் பலகையில் எழுதினாள். அதன் கீழே வரி வரியாக விடையையும் எழுதினாள். பிறகு அடுத்த கணக்கு. மணி அடித்ததும் பலகையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏன் இப்படி, எதனால் இப்படி என்று ஒரு சொல் கிடையாது. பிஸ்கட் இல்லை. சுவரில் பெயர் இல்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மேலே மார்க் மட்டும் இருக்கும். எங்கே தப்பு என்று ஒரு கோடுகூட இருக்காது.

பிள்ளைகளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒருநாள் ஜூனிட்டா எழுந்து, "மிஸ், ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

"பலகையில எழுதியிருக்கு."

"பலகைக்கு வாய் இல்லையே மிஸ்."

"உனக்குத்தான் நிறைய இருக்கே. படி."

யாரோ சிரிக்க வந்து அடக்கிக்கொண்டார்கள். ஜூனிட்டா உட்கார்ந்தாள். அவள் காது மடல் கன்றிப்போனதை டெல்மா பார்த்தாள்; அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

அந்த மாதத் தேர்வில் வகுப்பு சரிந்தது. நன்றாகப் படிக்கிறவர்கள்கூட வழுக்கினார்கள். பின்வரிசை சுத்தமாகக் கவிழ்ந்தது. டெல்மா மார்க்குகளைக் கூட்டும்போது, உள்ளுக்குள் ஏதோ இனிப்பு கரைவது மாதிரி இருந்தது. பிலேமோன் கூப்பிட்டு விசாரித்தார். பாடத்திட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு வகுப்புக்கும் நான் தாமதமில்லை என்று மரியாதையாகப் பதில் சொன்னாள். அவரால் மேலே ஒன்றும் கேட்க முடியவில்லை.

சாயங்கால வேளைகளில் விடுதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்து மரவள்ளித் தோட்டத்தில் களை எடுப்பார்கள். ஓடையில் துணி அலசிவிட்டு அந்த வழியாக வந்த டெல்மா ஒருநாள் பேச்சுச் சத்தம் கேட்டு நின்றாள். மரவள்ளிச் செடிகள் ஆளுயரத்துக்கு நின்றதால் அவளை அவர்களுக்குத் தெரியவில்லை. ஜூனிட்டாவின் குரல்தான் உரக்கக் கேட்டது. அவள் பக்கத்தில் ஹட்சன் என்ற பின்பெஞ்சுப் பையன். கணக்கு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவன்.

"எக்ஸுன்னா இலைப் பொட்டலம்டா. உள்ள கிழங்கா மீனான்னு தெரியாது. தெரியாததைப் பிரிக்காதே. படகு மாதிரி நினைச்சுக்கோ. இந்தப் பக்கம் ரெண்டு பேர் இறங்கினா அந்தப் பக்கமும் ரெண்டு பேர் இறங்கணும். இல்லேன்னா கவுந்துரும். கடைசியில பொட்டலம் மட்டும் தனியா நிக்கும். அப்பப் பிரி."

"புரியுது" என்றான் ஹட்சன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா எனக்கு எதுக்கு ஜூனி இதெல்லாம்? நான் எங்கப்பாவோட தேங்காய் உரிக்கப் போறவன்" என்றான்.

"உரி. யார் வேணாம்னா? பாஸ் பண்ணிட்டுப் போய் உரி. அந்தம்மா நம்மளைத் தோக்கடிக்க உக்காந்திருக்காங்க. ஒருத்தன் தோத்தாலும் அவங்களுக்கு அன்னைக்கு விருந்து. அந்தச் சோத்தை நான் அவங்களுக்குப் போட மாட்டேன்."

மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மண்வெட்டிக் கம்பால் தரையில் கணக்குப் போட்டார்கள். தப்பாகப் போட்டவன் தலையில் மரவள்ளி இலையால் ஒரு தட்டு. ஈரத்துணி தோளில் கனக்க, டெல்மா அங்கேயே நின்றாள். அவர்கள் தன்னை வெறுப்பது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த இலைப் பொட்டலம்தான் குத்தியது. இத்தனை நாள் பிஸ்கட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தும் ஹட்சன் தலையில் ஏறாதது, ஒரு பொட்டலத்தில் ஏறிவிட்டது.

சும்மா இருந்தால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று தெரிந்துபோயிற்று. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஒரு டீச்சர் செய்யக் கூடாதது என்று அவளுக்கே தெரியும். மறுநாள் பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள். மூன்றாவது வரியில் கழித்தல் குறியைக் கூட்டலாக மாற்றி எழுதி, அதற்குத் தக்க விடையையும் அழகாகக் கோடு போட்டு முடித்தாள். எல்லாரும் பார்த்து எழுதிக்கொள்ளட்டும், அப்படியே மனதில் பதியட்டும் என்று ஓரமாக நின்றாள்.

எழுதுகிற சத்தம் நின்றது. ஜூனிட்டா எழுந்தாள்.

"மிஸ், மூணாவது வரி தப்பு."

டெல்மா திரும்பிப் பலகையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அப்படியா?"

"ஆமா மிஸ். நீங்க வேணும்னேதான் போட்டிருக்கீங்க."

டெல்மா துடைப்பானை எடுத்து அந்த வரியை மட்டும் துடைத்துச் சரியாக எழுதினாள். எழுதி முடிக்குமுன் சாக்கட்டி அவள் விரலில் ஒடிந்தது. அது கோபத்தில் ஒடிந்தது என்று எல்லாரும் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த நாள் அவள் இன்னொரு தப்புப் போட்டாள். இன்னும் ஆழமாக ஒளித்து வைத்தாள். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கண்டுபிடித்தாள். அதற்கு அடுத்த நாள், கண்டுபிடிக்கவே முடியாது என்று நினைத்த ஒன்று. அதை ஹட்சன் பிடித்தான். பிடித்துவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. பன்றியை மடக்கிப் பிடித்தவன் மாதிரி மேல்மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்புறம் அது தினசரி யுத்தமாகிவிட்டது. டெல்மா வாழ்க்கையில் அவ்வளவு உழைத்ததில்லை. நல்ல டீச்சராக இருந்தபோதுகூடப் புத்தகத்தை இத்தனை தடவை புரட்டியதில்லை. ஒரு பிள்ளை எந்த இடத்தில் ஏமாறும், எந்த வரியில் கண் தாவும், எதைச் சரிதானே என்று நம்பி விட்டுவிடும் என்று ஒவ்வொருவரையும் மனதில் நிறுத்திப் பார்த்துத் தப்புகளைச் செய்தாள். அவர்களும் அவள் வருவதற்கு முன்பே பாடத்தைத் தின்று தீர்த்துவிட்டுக் காத்திருந்தார்கள். சாக்கட்டி பலகையில் படுகிறபோது அத்தனை கண்களும் அதன் முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தரப்பிலும் யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த பிலேமோன், இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததே இல்லை என்று மாகாணக் கல்வி அதிகாரியிடம் சொல்லி, அவரையும் கூட்டிவந்து காட்டினார். அன்றைக்கும் அவள் தப்புப் போட்டாள். அன்றைக்கும் பிடித்தார்கள். அதிகாரி அதை ஒரு புது முறை என்று நினைத்து வியந்து தலையாட்டினார்.

பரீட்சை முடிவு வானொலியில் வந்தது. வகுப்பில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் நாலாம் படிவத்தில் இடம் கிடைத்திருந்தது. ஹட்சன் பெயரும் வந்தது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதற்கு முன்னால் அப்படி ஒரு வருஷம் வாய்த்ததில்லை.

பிலேமோன் விருந்து வைத்தார். சுடுகல் அடுப்பில் பன்றி வெந்தது; ஊர் ஊராகப் பெற்றோர் மோட்டார் படகுகளில் வந்து இறங்கினார்கள். டெல்மாவை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்துப் பூமாலை போட்டார்கள். அடுத்த பயிற்சிக்கு இவர்தான் ஹோனியாரா போகிறார், இந்த வெற்றியின் கதையைச் சொல்லப்போகிறார் என்று பிலேமோன் அறிவித்தார். பிறகு வகுப்பின் சார்பில் பேச ஜூனிட்டாவைக் கூப்பிட்டார்.

ஜூனிட்டா கையில் ஒரு சாக்கட்டியோடு வந்தாள். முதலில் கடவுளுக்கும் பெற்றோருக்கும் நன்றி சொன்னாள்.

"எங்களுக்குப் படிப்புல ஆர்வம் எப்படி வந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறீங்க. நான் காட்டுறேன்" என்றாள்.

பிறகு டெல்மாவாக மாறினாள். பாவாடையை இடுப்பில் சரிசெய்துகொள்கிற விதம், தோளைப் பின்னால் தள்ளி நடக்கிற நடை, சாக்கட்டியை விரலுக்கிடையில் உருட்டுகிற பழக்கம் எல்லாம் அச்சாக வந்தன. தோட்டத்தில் வந்து நின்று கொடியை எடுத்து முகர்ந்து பார்க்கிற டெல்மாவை நடித்தாள். அப்படியானால் அன்றைக்கு எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "நாங்கதான் பிடுங்கினோம்" என்று போகிற போக்கில் சொன்னாள். பலகையில் தப்புப் போட்டுவிட்டு ஓரமாக நின்று பூனை மாதிரி காத்திருக்கிற டெல்மாவை நடித்தாள். கூட்டம் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கிளெமென்ட் வாயிலிருந்த வெற்றிலை தெறிக்கச் சிரித்தான். எதற்காக என்று முழுக்கப் புரியாத கல்வி அதிகாரியும் சிரித்தார்.

டெல்மா மாலையோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் அதையும் நடித்துக் காட்டுவாள் என்று தோன்றியது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நன்றாக நடித்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அந்தக் கணத்தில்தான் ஹோனியாரா மண்டபம் ஞாபகம் வந்தது, தென்னங்கீற்றும் வந்தது.

சாப்பாடு தொடங்கியதும் ஜூனிட்டா அவளிடம் வந்து நின்றாள்.

"இப்ப நேராயிடுச்சு மிஸ்."

"என் தோட்டம்?" என்றாள் டெல்மா.

"எங்கம்மா?"

ஜூனிட்டா தோழிகளோடு போய்விட்டாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு டெல்மாவைத் தேடி வந்தாள். மட்டில்டா. டெல்மா அவளைச் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள், கிட்டத்தில் பார்த்ததில்லை. தன்னைவிட இளையவளாக இருந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க என்னை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சீங்க. இன்னைக்கு என் மக உங்களை வெச்சுச் சிரிக்க வெச்சா. எனக்கு ரெண்டுமே பிடிக்கல" என்றாள்.

டெல்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மட்டில்டா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குப் பன்றியும் வேணாம், சிப்பி மாலையும் வேணாம். எந்த எடத்துல என்னை நடிச்சுக் காட்டினீங்களோ அதே எடத்துல போய், அந்த மீனை வித்துத்தான் அவளைப் படிக்க வெச்சேன்னு சொல்லுங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

பதிலுக்குக்கூட நிற்காமல் அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படகுப் பக்கம் நடந்தாள்.

ஹோனியாராவில் அதே மண்டபம், அதே மின்விசிறிகள். டெல்மா எழுந்தபோதே முன்பு கேட்டவர்கள் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். போகும் வழியெல்லாம் கப்பலில் அவள் வேறு ஒரு பேச்சைத்தான் மனதில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு மாணவி எப்படி நன்றி மறந்தாள், எப்படி ஒரு தோட்டத்தை அழித்தாள், எல்லாவற்றையும் பெயரோடு, ஊரோடு. சொல்ல ஆரம்பித்தால் மண்டபம் அவள் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். வாய் நுனிவரை வந்தது.

"போன தடவை நான் மட்டில்டான்னு ஒருத்தங்களை நடிச்சுக் காட்டினேன்" என்று தொடங்கினாள். சிலர் சிரித்தார்கள். "அவங்க கிராகிரா சந்தையில மீன் விக்கிறாங்க. வித்துத்தான் மகளைப் படிக்க வெச்சாங்க. அந்தப் பொண்ணு படிச்சது என்னால இல்ல. நான் அவங்கம்மாவைக் கேவலமாப் பேசினேன். அந்தக் கோவத்துல படிச்சா. மத்த பிள்ளைங்க என் மேல இருந்த கோவத்துல படிச்சாங்க. இதை யாரும் உங்க பள்ளிக்கூடத்துல செஞ்சு பாக்காதீங்க."

சிரித்தவர்கள் அடுத்து வரப்போகிற வேடிக்கைக்காகக் காத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஓரிரண்டு பேர் கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு நிம்மதி எதுவும் வரவில்லை. வாந்தி எடுத்துவிட்டு வந்தவள் மாதிரி நாக்கு கசந்தது.

கப்பல் கிராகிராவில் நின்றபோது சந்தைக்குப் போனாள். விடுமுறை என்பதால் ஜூனிட்டாவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மட்டில்டாவுக்குச் செய்தி முன்னாடியே வந்திருக்க வேண்டும். அவள் டெல்மாவைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தாள். இலை மேல் பரப்பியிருந்ததில் பெரிய மீனொன்றை எடுத்து மகளிடம் கட்டிக் கொடுக்கச் சொன்னாள்.

ஜூனிட்டா அந்த மீனைப் பார்த்தாள். டெல்மாவைப் பார்த்தாள். பெரியதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த சின்னதை எடுத்து இலையில் சுற்றி நீட்டினாள். அம்மா அதட்டவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெல்மா வாங்கிக்கொண்டாள். இந்தப் பெண்ணைப் பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று உள்ளங்கை ஊறியது. இவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்தச் சின்ன மீனைக்கூடக் கொடுத்திருக்க மாட்டேன் என்றும் நினைத்துக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் படகு நிற்கிற பக்கமாக நடந்தாள்.